ராந்தல் ஏந்திய ஒன்பது வினாடி

சத்தியபாய் வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்தக் கம்பெனிக்குக் கடல்விளக்கு கிரியேஷன்ஸ் என்ற பெயரே வந்திருக்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு பேன்சி ஸ்டோருக்கு மேலே ஒற்றை அறை. அதில் இரண்டு கேமரா, ஒரு டைப்ரைட்டர். வாசலில் ‘மரியஜான் வீடியோஸ்’ என்று போர்டு. கல்யாணக் காசெட் தொடங்கும்போது திரையிலும் அதே பெயர் சுற்றிச் சுற்றி வரும். தெர்மோகோலில் வெட்டிய எழுத்துகளைச் சிவப்பு வெல்வெட் துணியில் குத்தி, ஓரமெல்லாம் சீரியல் பல்பு கட்டி, கேக் வைக்கிற சுழல்தட்டின் மேல் நிறுத்தியிருப்பார்கள். ஒரு ஆள் மேசைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து தட்டைக் கையால் சுற்ற வேண்டும். கடிதம் டைப் அடிக்கச் சேர்ந்தவளிடம் இரண்டாம் நாளே அந்த வேலையைக் கொடுத்துவிட்டார் மரியஜான்.

“ஒனக்குக் கை நெதானம் உண்டு பிள்ளே. பைய சுத்து.”

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்துவிட்டு மயிலாடியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள். அப்பா யேசுரத்தினம் அரசு பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிக்கிறவர். வீட்டில் டிவி வாங்க அவர் சம்மதிக்கவில்லை. மகள் வீடியோக் கடையில் வேலை பார்க்கிறாள் என்பதைக்கூட ‘டைப்பிஸ்ட்டு’ என்று மட்டும்தான் வெளியில் சொல்வார்.

மரியஜான் கடியப்பட்டணத்துக்காரர். மீன்பிடிக்கிற குடும்பம். வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி வருகிறவன் என்பதால்தான் கேமராவைத் தூக்கினேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எப்படியோ சென்னைக்கு நடையாய் நடந்து, ஒரு சானலில் மத்தியான நேரத்து சீரியல் ஒன்றுக்கு அனுமதி வாங்கிவிட்டார். சானல் அதிகாரி அவருடைய பழைய காசெட்டைப் போட்டுப் பார்த்தாராம். தெர்மோகோல் எழுத்து சுற்றியதும், “என்ன சார், கல்யாண வீடு மாதிரி இருக்கே! முதல்ல கம்பெனிக்கு ஒரு நல்ல எம்ப்ளம் பண்ணுங்க,” என்றாராம்.

அந்த ஒரு சொல்லில் மரியஜானுக்குத் தூக்கம் போயிற்று. பெயரை மாற்றினார். முட்டத்துப் பாறை மேல் ஒரு பெண், கையில் ராந்தல் விளக்கு, பின்னால் கடல், தூரத்தில் கலங்கரை விளக்கம். அவள் கடலைப் பார்த்திருந்து, பிறகு நம் பக்கம் திரும்பிச் சிரிக்க வேண்டும். இதுதான் எம்ப்ளம். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மாடல் பெண்ணை வரவழைத்தார். வெள்ளைச் சேலை வாங்கினார்.

தொண்ணூற்றெட்டு டிசம்பர். விடிவதற்கு முன்னால் முட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஜீப் மூன்றரை மணிக்கே மயிலாடிக்கு வந்தது. யேசுரத்தினத்துக்கு அன்று வெளியூரில் நைட் ஹால்ட். சேலை, விளக்கு, சாமான்களை எழுதிவைக்கிற வேலைக்குத்தான் சத்தியபாய் போனாள். அம்மா கட்டன்காப்பி போடுவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டதால் வெறும் வயிற்றோடு ஏறினாள்.

வந்த மாடல் பெண் பாறையைப் பார்த்தாள். பாசி பிடித்து மினுமினுத்துக்கொண்டிருந்தது. அடியில் அலை வந்து அறைந்தது. “ஞான் கேறில்லா,” என்று மலையாளத்தில் ஏற மறுத்துவிட்டு வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கெஞ்சினார்கள், வேன் கதவு திறக்கவே இல்லை. கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. மரியஜான் கையைப் பிசைந்துகொண்டு சுற்றும்முற்றும் பார்த்தார். அவர் கண் சத்தியபாய் மேல் வந்து நின்றது.

“ஏ பிள்ளே, சேலை உடுத்திட்டு நீ ஏறு. வெளிச்சம் போவுது.”

காற்றுக்கு ராந்தல் நிற்காமல் அணைந்தது. திரியை எடுத்துவிட்டு உள்ளே சின்ன பல்பு வைத்தார்கள். ஒயரைக் கையோரமாகக் கொண்டுவந்து, பேட்டரியைச் சேலைக்குள் இடுப்பில் துணியால் கட்டினார்கள். அவள் பாறையில் ஏறி நின்றாள். முதல் டேக்கில் கேமரா ஆடியது. இரண்டாவதில் அலை அடித்து முழங்கால் வரை நனைத்தது. மூன்றாவதிலிருந்து மரியஜான் கத்திக்கொண்டே இருந்தார்: “திரும்பு! திரும்பிச் சிரிட்டீ! சிரி!” அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதம் மரத்துப்போயிருந்தது. வயிறு காந்தியது. நனைந்த சேலைக்குள் ஒயர் ஜாயின்ட் சூடாகி இடுப்பில் சுட ஆரம்பித்தது. சொன்னால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். அதற்குள் வெளிச்சம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எட்டாவது டேக்கில் திரும்பக்கூட இல்லை. முடி அவிழ்ந்து பறக்க, கடலைப் பார்த்தபடியே விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். சரியாக அந்த நேரத்தில் மேகத்துக்கு அடியிலிருந்து வெளிச்சம் வந்து அவள் கன்னத்தில் விழுந்தது.

“சிரிக்கல்ல. ஆனா வெளிச்சம் கெடச்சாச்சு. போரும், எறங்கு,” என்றார் மரியஜான்.

இடுப்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள். அம்மாவிடம்கூடக் காட்டவில்லை.

அந்த எட்டாவது டேக்கில் ஒன்பது வினாடியை வெட்டி எடுத்து, கீபோர்டில் ஐந்து சுரம் வாசித்துச் சேர்த்தார்கள். சீரியல் ஓடியது. ஓடியது என்றால், மத்தியானம் கஞ்சி குடித்த கையோடு தமிழ்நாடெங்கும் பெண்கள் உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு ஓடியது. ஒவ்வொரு தடவையும் முதலில் வருவது சத்தியபாய்தான்.

யேசுரத்தினத்துக்கு விஷயம் பஸ்ஸில்தான் தெரிந்தது. தக்கலை போகிற வண்டியில் ஒரு அம்மா டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, “உங்க மவ டிவியில வெளக்கு பிடிச்சிட்டு நிக்குதே, கண்டிருக்கியளா?” என்று கேட்டாள். அவர் அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒன்ன ஆரு நிக்கச் சொன்னா?”

“வந்த ஆளு ஏறல்ல அப்பா. அதான்.”

“ஆளு ஏறல்லன்னா நீ போய் நிப்பியா? சேலை நனஞ்சு ஒட்டிட்டு இருக்குன்னு சபையில பொம்பளைய பேசுதாவ.”

இரண்டு வாரம் அவளிடம் பேசவில்லை. அவள் வேலையை விட்டுவிடுகிறேன் என்றபோது டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றாவது வாரம் பஸ் சில்லறையை எண்ணாமலே மேசையில் வைத்துவிட்டு, “போ. வேலைக்குப் போ. இனி கேமராவுக்கு முன்ன நிக்காண்டாம்,” என்றார். அவள் அதற்குப் பிறகு நின்றதே இல்லை. நிற்க வேண்டிய தேவையும் வரவில்லை. அந்த ஒன்பது வினாடியே போதுமானதாக இருந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை ஜெபமணி குவைத்தில் ஏசி மெக்கானிக். பெண் பார்க்க வந்த அவருடைய அம்மா தேவகனி, சத்தியபாயை அழைத்து வருவதற்கு முன்பே, “பெண்ண எதுக்காக்கும் பாக்கணும்? நாங்கதான் வாராவாரம் பாக்கோமே,” என்று சொல்லிவிட்டாள். யேசுரத்தினத்தைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

கல்யாணம் முடிந்து நாற்பத்தைந்தாவது நாள் ஜெபமணி விமானம் ஏறினார். அந்தச் சமயத்தில் சீரியல் சாயங்காலத்துக்கு மாறியிருந்தது. இங்கே ஏழரை என்றால் அங்கே ஐந்து மணி. வேலை முடிந்து அறைக்கு வந்து குளிக்கிற நேரம். எட்டுப் பேர் தங்கியிருந்த அறை. கீபோர்டின் ஐந்து சுரம் கேட்டதும் ஒருத்தன் அண்ணி முறை வைத்துக் கத்துவானாம்: “மைனி வந்தாச்சு! சத்தத்தக் கூட்டுலே!” ஜெபமணி தலையில் சோப்போடு வந்து நிற்பார். ஒன்பது வினாடி. பிறகு திரும்பவும் குளிக்கப் போவார். இதை அவர் போனில் சொன்னபோது சத்தியபாய்க்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. தன்னைவிட அந்த வெள்ளைச் சேலைக்காரியோடுதான் அவர் அதிக நாள் குடும்பம் நடத்துகிறார் என்று தோன்றியது.

கம்பெனியில் அவள் வேலை மாறிவிட்டது. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்ததும் அவளை டேப் அறைக்கு அனுப்பினார்கள். ‘லைப்ரரி இன்சார்ஜ்’. ஒளிபரப்பான எபிசோடுகளின் டேப்புகளை நம்பர் போட்டு அடுக்கி, கேட்கிறவர்களுக்குக் காப்பி எடுத்து அனுப்ப வேண்டும். சன்னல் இல்லாத அறை. டேப் கெடாமலிருக்க ஏசி எப்போதும் ஓடும். வெளியில் ஐப்பசி மழையா மேமாத வெயிலா என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து மூன்றில் முதல் மாற்றம் வந்தது. சென்னையில் கிராபிக்ஸ் செய்கிறவன் சத்தியபாயைப் பாறையிலிருந்து தனியாக வெட்டியெடுத்து, பின்னால் ஆரஞ்சு நிற வானம் ஒன்றை வைத்தான். வெள்ளைச் சேலையை நீலமாக்கினான். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது, மேகத்தின் மேல் நின்றாள். தங்க எழுத்துகள் சுழன்று சுழன்று வந்து அவள் முன்னால் ‘டங்’ என்று நின்றன. மொத்தம் பன்னிரண்டு வினாடி. மரியஜானுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காண்பித்தார்.

அந்த வருடம்தான் மலேசியாவிலிருந்து ஒரு சானல் பழைய எபிசோடுகளைக் கேட்டது. எல்லாவற்றிலும் புது எம்ப்ளம் இருக்க வேண்டும் என்றார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு டேப். ஒரு மெஷினில் பழையதை ஓடவிட்டு, அந்த ஒன்பது வினாடியைத் தாண்டியதும் நிறுத்தி, இன்னொரு மெஷினில் புதியதைப் பதித்து, அதன் பின்னால் எபிசோடு முழுவதையும் இருபத்திரண்டு நிமிஷம் ஓடவிட்டுக் காப்பி எடுக்க வேண்டும். நடுவில் எழுந்து போக முடியாது. படம் கிழிந்தால் முதலிலிருந்து. அப்போது மகள் அபிதா வயிற்றில் ஏழு மாதம். கால் வீங்கி செருப்பு ஏறவில்லை. ஒரு பழைய டேப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை தன்னைத்தானே வெட்டியெறிந்தாள். முதல் பத்துப் பதினைந்து டேப்பில் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு பழகிவிட்டது.

அபிதா பிறந்தாள், வளர்ந்தாள். ஜெபமணி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போனார். யேசுரத்தினம் ரிட்டயர் ஆகி, ஒரு மழைக்காலத்தில் நெஞ்சடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அடுத்த மாற்றம். ராந்தல் பிடித்த பெண் பழைய காலத்து ஆளாகத் தெரிகிறாள் என்று சானலில் யாரோ சொன்னார்களாம். முகத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு நிழலாக மாற்றினார்கள். கலங்கரை விளக்கம் பெரிதாகச் சுழன்றது. ஏழு வினாடி. அன்று சாயங்காலமே குவைத்திலிருந்து போன்.

“ஏட்டி, ஒன்ன ஏன் கறுப்பாக்கிட்டானுவ?”

“எல்லாரையும்தான் மாத்துதாவ. அதுக்கு என்னவாம்?”

“ஒண்ணுமில்ல. இங்க பயலுவ கேக்கானுவ, மைனிக்கு என்னாச்சுன்னு.”

அவர் குரல் உண்மையிலேயே தாழ்ந்துபோயிருந்தது. சத்தியபாய்க்கோ நிம்மதியாக இருந்தது. முப்பத்தொரு வயதில், பஸ்ஸிலும் மீன்சந்தையிலும் “நீங்கதானே அது?” என்று கேட்பவர்களுக்குச் சிரித்துக் காட்டிக் காட்டி அலுத்துப்போயிருந்தாள். முகம் போனதும் கேள்வியும் போயிற்று. ஆனால் டேப்புகள் போகவில்லை. இந்தத் தடவை எழுநூற்றுச் சொச்சம். டேப் கம்ப்யூட்டருக்குள் ஏறியிருந்தது என்றாலும், திறக்க வேண்டும், வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் அகலத் திரை வந்தது. நிழலும் போய், ஒரு வளைந்த கோடும் அதன் நுனியில் ஒரு மஞ்சள் புள்ளியும் மிஞ்சின. கோடு அவளாம், புள்ளி விளக்காம். ஐந்து வினாடி. ஆயிரத்து நூற்றைம்பது எபிசோடு. இரண்டாயிரத்து இருபதில் எல்லோரும் போனில் பார்க்கிறார்கள் என்று கோட்டையும் எடுத்தார்கள். ஒரு வட்டம், நடுவில் புள்ளி. மூன்று வினாடி. ஆயிரத்து அறுநூறு. ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த அந்த மாதங்களில் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்து அதையும் செய்து முடித்தாள். கண்ணாடி பவர் ஏறியது. வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை. கழுத்தைத் திருப்பினால் ‘கடக்’ என்று சத்தம். டாக்டர் ரெஸ்ட் எடுங்கள் என்று எழுதிக் கொடுத்த சீட்டு பைக்குள்ளேயே கிடந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோனது.

இதற்கிடையில் ஜெபமணி ஊரோடு வந்துவிட்டார். சர்க்கரை. வலது காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். மரியஜானுக்கும் இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. கடியப்பட்டணத்து வீட்டில் நாற்காலியில் முடங்கினார். கம்பெனியை மகன் பெனிஷ் எடுத்து நடத்தினான். மரியாதை தெரிந்த பையன். சென்னையில் படித்தவன். அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவான்.

இந்த ஜூன் மாதம் ஒருநாள் காலையில் பெனிஷ் எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டான். “அக்கா, நீங்க முன்னால வந்து இரிங்க. உங்களுக்குத்தான் சர்ப்ரைஸ்,” என்றான்.

பெரிய திரையில் முட்டத்துப் பாறை. வெள்ளைச் சேலை. முடி பறக்கிறது. பழைய எட்டாவது டேக்தான். ஆனால் நேற்று எடுத்ததுபோல அவ்வளவு தெளிவு. கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது. பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கடலை விட்டுத் திரும்பி, சத்தியபாயை நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்தாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். ரிசப்ஷனில் இருக்கும் ஜெமி, “அக்கா, எவ்வளவு அழகா இருந்திருக்கீங்க!” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏஐயில செஞ்சதாக்கும். பழைய பிலிம்ம கொடுத்தா அதுவே திருப்பிச் சிரிக்க வச்சிரும்,” என்றான் பெனிஷ். “நம்ம யூடியூப் சானலுக்கு, எல்லாத்துக்கும் இனி இதான். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க அக்கா. படத்துல இருக்க ஆளு சம்மதிக்கணும்னு வக்கீல் சொல்லுகாரு.”

சத்தியபாய் தாளை வாங்கினாள். பேனாவை வாங்கவில்லை.

“நான் சிரிக்கல்லியே பெனிஷ்.”

“அதுக்கென்ன அக்கா, இப்போ சிரிச்சாச்சே.”

“நான் வீட்டுல சொல்லிட்டு வாறேன்.”

அன்று சாயங்காலம் ஜெபமணிக்குப் போனில் காட்டினாள். அவர் நான்கு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அபிதாவுக்கு அதை அனுப்பினார். அவள் உடனே கூப்பிட்டு, “அம்மா, சூப்பர்! பேசாம கையெழுத்துப் போடுங்க. எத்தன பேருக்கு இப்படி ஒரு சான்ஸ் கிடைக்கும்?” என்றாள்.

சத்தியபாய் அடுக்களைக்குப் போனாள். அரிசி களைந்து உலையில் போட்டாள். யார்மேலும் கோபமில்லை. எல்லோருக்கும் பிடித்திருக்கிற ஒன்றைத் தனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று விளக்கிச் சொல்ல வேண்டுமே என்ற நினைப்பே பெரும் பாரமாக இருந்தது. ஒரு கையெழுத்துத்தானே, போட்டுத் தொலைத்தால் என்ன என்றுகூட நினைத்தாள்.

சாப்பிடும்போது ஜெபமணி மறுபடியும் போனை எடுத்தார். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

“பல்லு ஒன்னுது இல்ல,” என்றார்.

“என்னது?”

“ஒனக்கு இந்தப் பக்கம் ஒரு தெத்துப்பல்லு உண்டுல்லா? இவளுக்கு வரிசையா இருக்கு. அந்தப் படத்துல நீ வாயத் திறக்கவே இல்ல. அப்போ அதுக்கு எப்படித் தெரியும்? அதுவா உண்டாக்கியிருக்கு.” போனைக் கவிழ்த்து வைத்தார். “இது வேற ஆரோ.”

சத்தியபாய் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கடியப்பட்டணத்துக்குப் போனாள். மரியஜான் தினமும் அவளைக் கேட்டுக்கொண்டிருப்பதாக அவர் மனைவி டெல்சி சொல்லி அனுப்பியிருந்தாள். வராந்தாவில் கடலைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியில் அவர் இருந்தார். மடியில் டேப்லெட், அதில் அவள் திரும்பித் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வா பிள்ளே.” பேச்சு ஒரு பக்கமாக இழுத்தது. “எட்டு டேக்கு எடுத்தேன். நீ சிரிக்கல்ல. இப்போ சிரிச்சிட்ட, பாத்தியா?” அவர் முகத்தில் நல்லாயிருந்த பாதி சிரித்தது. ரொம்ப நாளாகத் தராமலிருந்த ஒன்றை யாரோ கடைசியில் தந்துவிட்டதுபோன்ற சந்தோஷம்.

டெல்சி சாயா கொண்டுவந்து வைத்தாள். சத்தியபாய் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு ஏன் சிரிக்கல்ல நீ?” என்று கேட்டார் மரியஜான்.

இருபத்தேழு வருடத்தில் யாருமே அதைக் கேட்டதில்லை. அப்பா ஏன் நின்றாய் என்று கேட்டார். மற்றவர்கள் நீதானா என்று கேட்டார்கள்.

“பசி, சார். மூணரைக்கு வெறும் வயித்தோட வந்தேன். காலு மரத்துப் போச்சு. அந்த பேட்டரி ஒயரு இடுப்புல சுட்டுட்டே இருந்து. கொப்புளம் வந்துச்சு. தழும்பு இப்பவும் கெடக்கு.”

மரியஜான் டேப்லெட்டிலிருந்து கையை எடுத்தார். “சொல்லியிருக்கலாம்லா?”

“வெளிச்சம் போவுதுன்னு சொன்னீங்க. அவுத்துக் கட்டினா அதுவும் போயிரும்னு நின்னேன்.”

கீழே கடற்கரையில் யாரோ வலையை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.  மரியஜான் இடது கையால் துண்டை எடுத்து வாயோரம் துடைத்துக்கொண்டார்.

“நான் பெனிஷ்ட்ட சொல்லணுமா?”

“நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் சார். நானே சொல்லுகேன். கையெழுத்து போடமாட்டேன். அத மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க ஆசப்பட்டதாக்கும்.”

“ம்,” என்றார். பிறகு, “சாயா ஆறுது பிள்ளே. குடி,” என்றார்.

திங்கட்கிழமை பெனிஷிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் முதலில் நம்பவில்லை.

“அக்கா, உங்களுக்கு மரியாத செய்யத்தானே இத செஞ்சேன்.”

“தெரியும் மக்கா. ஒம் மேல ஒரு கொறையும் இல்ல. அன்னைக்கு அந்தப் பிள்ள சிரிக்கல்ல. அவளுக்குச் சிரிக்க ஒண்ணும் இல்லாம இருந்து. அத இப்போ மாத்தாண்டாம். கடலப் பாத்துட்டு நிக்கது போல அப்படியே போடுதியன்னா போடு. இல்லைன்னா விட்டிரு.”

“திரும்பல்லன்னா அதுல என்ன அக்கா இருக்கு? யாரும் பாக்க மாட்டாங்க.”

“பாக்காண்டாம்.”

மூன்று நாள் அவன் டேப் அறைப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் புது எம்ப்ளம் தயாரானது. அதே பாறை, அதே கடல், அதே ராந்தல். ஆனால் வேறொரு பெண். இந்த உலகத்தில் எங்கும் பிறக்காத, கையெழுத்துக் கேட்கத் தேவையில்லாத ஒரு பெண். திரும்பி அழகாகச் சிரித்தாள். நான்கு வினாடி. ஜெமி ஓடிவந்து, “அக்கா, பாத்தீங்களா?” என்று கேட்டாள். பார்த்தேன் என்றாள் சத்தியபாய்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கு எபிசோடுக்கும் அதை மாற்ற வேண்டும். இந்தத் தடவை அவளை யாரும் கூப்பிடவில்லை. சாப்ட்வேரே எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்றான் பெனிஷ். சனியும் ஞாயிறும் அது தானாக ஓடியது. திங்கட்கிழமை காலையில் அவள் வந்தபோது வேலை முடிந்திருந்தது. முந்தின மாற்றத்துக்கு ஐந்து மாதம் எடுத்தவள், செய்ய ஒன்றுமில்லாமல் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கம் கண்ணைச் சுற்றியது.

புதன்கிழமைதான் குட்டு வெளிப்பட்டது. எபிசோடுகளுக்குக் கீழே ஜனங்கள் திட்டி எழுதத் தொடங்கினார்கள். சிலதில் முதல் வசனம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. சிலதில் புதுப்பெண் சிரித்து முடித்ததும் மேகத்தின் மேல் பழைய தங்க எழுத்து ‘டங்’ என்று வந்து நின்றது. சாப்ட்வேர் அவள் மாற்றிவைத்த காப்பிகளை விட்டுவிட்டு, முதன்முதலில் ஒளிபரப்பான பதிப்புகளை எடுத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவாக ஐந்து வினாடியை வெட்டியிருந்தது. எந்த எபிசோடில் எந்த எம்ப்ளம், எத்தனை வினாடி என்ற கணக்கு அதற்குத் தெரியாது.

பெனிஷ் டேப் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

“அக்கா, கொறச்சு சிக்கலாயிட்டுது.”

“பாத்தேன்.”

“நீங்கதான் உக்காந்து சரி பண்ணணும். வேற ஆருக்கும் தெரியாது.”

இருபத்தெட்டு வருடமாக இதற்கு அவள் சொல்லிவந்த பதில் ‘சரி’ என்பதுதான். அன்றைக்கு அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“செய்யுகேன். ஆனா பத்து மணிக்கு வருவேன், நாலு மணிக்குப் போவேன். சனிக்கிழம வரமாட்டேன். அவியளுக்குக் கட்டு மாத்தக் கொண்டுபோவணும். அப்புறம் எனக்கு முதுகு சாயுத மாதிரி ஒரு நாற்காலி வேணும்.”

“அவ்வளவுதானா அக்கா?”

“அவ்வளவுதான்.”

அவன் தலையாட்டினான். நாற்காலி வெள்ளிக்கிழமை வந்தது. ஜெமியும் இன்னொரு பெண்ணும் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சத்தியபாய் அதில் உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் ஒன்பது வினாடி, அதன்மேல் பன்னிரண்டு, பிறகு ஏழு, ஐந்து, மூன்று என்று ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது எபிசோடு சரியானது. புதுப்பெண் நாற்பது தடவை சிரித்தாள். அவள்மேல் சத்தியபாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஜெபமணியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். புண் ஆறி வருகிறது என்றார் நர்ஸ். திரும்பும் வழியில் கொஞ்சம் நெத்திலி வாங்கி, வந்து தேங்காய் அரைத்து மீன் அவியல் வைத்தாள். சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, சும்மா தலை சாய்க்கலாம் என்று பாயை விரித்தாள். ஜெபமணி டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்தார். அபிதா இரண்டு தடவை போன் செய்தாள். அவர்தான் எடுத்து, “அம்மை உறங்குகா, பொறவு கூப்பிடு,” என்றார். வெளியில் சாரல் விழுந்து, கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்தது. அவர் நொண்டி நொண்டிப் போய் எடுத்து உள்ளே போட்டார். சத்தியபாய்க்கு ஒன்றும் தெரியாது. ஐந்து மணி வரைக்கும் புரண்டுகூடப் படுக்கவில்லை.